வலது ஓரம்

வேர் தோண்டுகிற வாரம் வந்துவிட்டால் விவசாயி ஆக்கில் வீட்டில் யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். ஒரு கையில் ரொட்டியைப் பிடித்துக்கொண்டே மறு கையால் பெட்டியை நகர்த்துவார்கள். காப்பி கொட்டகை மேடையில் ஆறிக் கிடக்கும். விட்லோஃப் கீரை விவசாயம் அப்படிப்பட்டது. கோடை முழுக்க மண்ணுக்குள் பருத்த வேரைத் தோண்டி எடுத்து, குளிரறையில் போட்டு, பிறகு இருட்டறையில் தண்ணீர்த் தட்டில் வரிசையாக நிறுத்தினால் மூன்று வாரத்தில் வெள்ளைவெளேரென்று குருத்து விடும். அந்தக் குருத்தைத்தான் ஊர் தின்கிறது. வெளிச்சம் பட்டால் பச்சையேறிக் கசந்துபோகும். தோண்டும்போது வேரின் கழுத்து முறிந்தால் குருத்தே கிடையாது. முரட்டு இயந்திரத்தை வைத்துக்கொண்டு பூப்பறிக்கிற மாதிரி செய்ய வேண்டிய வேலை.

அந்த வருஷம் வீட்டில் இரண்டு கை குறைந்துபோனது. ஒன்று மகன் யோரிஸுடையது. ஆகஸ்டில் பெட்டி தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டு, கடைசியில் கத்தி வைக்கும்படி ஆகிவிட்டது. கிறிஸ்துமஸ் வரை குனியக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னொரு கை மிரெக்குடையது. போலந்துக்காரன். ஒன்பது வருஷம் ஆக்கிலோடு வேலை பார்த்தவன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டே எந்த வேர் குருத்து விடும், எது விடாது என்று சொல்வான். போன வருஷம் நடு அறுவடையில், இயந்திரத்தை வேகமாக ஓட்டிக் கழுத்தை முறிக்கிறாய் என்று ஆக்கில் ஒரு வார்த்தை சொல்லப்போக, அவன் கையுறையைக் கழற்றி வரப்பில் வீசிவிட்டு நேரே செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்விட்டான். முறிந்ததற்குக் காரணம் தேய்ந்துபோன இயந்திரப் பல் என்று மறுநாளே தெரிந்தது. ஊருக்குத் தெரிந்தது, ஆக்கிலுக்கும் தெரிந்தது. ஆனாலும் அவனைக் கூப்பிட்டுப் பேச அந்த மனுஷனுக்கு வாய் வரவில்லை. தலையே போனாலும் வராது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆக மிச்சம் இருந்தது மகள் கிரீட்.

கிரீட்டுக்கு முப்பத்தொரு வயது. விடிகாலை ஐந்து முதல் நண்பகல் வரை கொட்டகையில் குருத்தை ஒடித்து, மேல் இலையை உரித்து, பெட்டியில் அடுக்குவாள். அதற்கு மேல் அவள் நேரம் அவளுடையது. எட்டு வருஷமாக அப்படித்தான் ஏற்பாடு. அந்த நேரத்தில் அவள் டிரையத்லான்காரி. நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி, மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற பந்தயம் அது. ஓல்மர்பேக் ஊரில் இதை வெளியே சொல்லிக்கொள்ளவே ஒரு தைரியம் வேண்டும். அங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது சைக்கிள் பந்தயத்தில் விழுந்து தோள்பட்டை உடைத்திருப்பார். மூன்று வித்தை செய்கிறவனுக்கு ஒரு வித்தையும் ஒழுங்காகத் தெரியாது என்பது அந்த ஊரின் முடிவு. கிரீட் கஃபேக்குள் நுழைந்தால், மீன் வந்துவிட்டது, யாராவது தண்ணீர் கொடுங்கள் என்பார்கள்.

வசந்த காலத்தில் அவளுக்குக் குதிகால் தசைநார் கிழிந்தது. இனி ஓட்டம் கிடையாது என்று டாக்டர் சொன்னார். ஒரு வாரம் கொட்டகையில் குருத்து உரித்துக்கொண்டே அழுதாள். எட்டாம் நாள் யோரிஸ் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாலைப் பந்தயத்துக்கு லைசன்ஸ் எடுத்துக் கொடுத்தான். அவன் பதினைந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊர் ஊராகப் பந்தயம் ஓட்டியவன். "ஓடத்தானடி கூடாதுன்னாங்க. மிதிக்கக் கூடாதுன்னா சொன்னாங்க?" என்றான்.

முதல் பந்தயத்துக்கு அவள் போன கோலத்தைச் சொல்லிச் சொல்லி யோரிஸுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. கைப்பிடிக்கு நடுவே முழங்கை ஊன்றுகிற கொம்பு இரண்டு நீட்டிக்கொண்டிருந்தன. அதைக் கழற்றாமல் தொடக்கக் கோட்டுப் பக்கம் வராதே என்று நடுவர் அம்மாள் துரத்தினார். டிரையத்லானில் மாட்டுவது போல நம்பரை இடுப்புப் பட்டையில் தொங்கவிட்டிருந்தாள். முதுகில் ஊக்கு குத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது, கையில் ஊக்கும் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன்னிடமிருந்த நாலு ஊக்கைக் கொடுத்து, தானே குத்தியும் விட்டாள்.

கோலத்தை விடுங்கள், ஓட்டிய ஓட்டம்தான் பெரிய கூத்து. டிரையத்லானில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒளிந்துகொண்டு போவது களவு. பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளித்தான் வர வேண்டும். சாலைப் பந்தயத்திலோ அந்தக் களவுதான் தொழிலே. சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண். கிரீட் பழக்க தோஷத்தில் இடம் விட்டாள். விட்ட இடத்தில் ஒருத்தி புகுந்தாள். அவளுக்கும் மரியாதையாக இடம் விட்டாள், இன்னொருத்தி புகுந்தாள். இப்படி இடம் விட்டு விட்டே வாலுக்கு வந்து, வாலிலிருந்தும் அறுந்து, ஆறாவது சுற்றில் நடுவர் கார் பக்கத்தில் வந்து நம்பரைக் கழற்றச் சொன்னது. நாலு பந்தயம் போனாள். நாலும் இதே கதைதான், எந்தச் சுற்றில் அறுந்தாள் என்பது மட்டும் மாறும்.

அந்தப் பழக்கத்தைக் கொஞ்சமாவது மாற்றியவள் அம்மா ரோஸெட். வாரத்தில் நாலு நாள் அவள்தான் குருத்துப் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு மொத்த வியாபாரச் சந்தைக்குப் போவாள். கால்வாய் ஓரச் சாலையில் நாற்பதுக்குக் கூடாமல் குறையாமல், ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டு ஓட்டுவாள். அந்த வேனின் பின்கதவை ஒட்டிக் கிரீட் மிதிப்பாள். பிரேக் போடுவதற்கு முன்னால் ஒரு சத்தம் கொடுக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "நான் பாட்டுக்குப் போவேன். பின்னாடி எவ வர்றான்னு எனக்கென்ன தெரியும்?" என்றாள் ரோஸெட். மூன்று வாரத்தில் கதவுத் துருவின் ஒவ்வொரு புள்ளியும் கிரீட்டுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு ஓல்மர்பேக்கில் ஊர்த் திருவிழா. திருவிழா என்றால் சைக்கிள் பந்தயம். அந்த வருஷம் முதல் தடவையாகப் பெண்களுக்கும் ஒன்று வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை வானிலைச் செய்தி வந்தது. ஞாயிறு வரை பலத்த காற்று, திங்கள் இரவிலிருந்து ஒரு வாரம் மழை. அந்தக் களிமண்ணில் மழை இறங்கினால் இயந்திரம் அச்சு வரை புதையும். ஆக்கில் ரேடியோவை அணைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் தோண்டுவோம் என்றார். திருவிழா அன்று வயலில் இறங்கினால் ஊர் காறித் துப்பும் என்று ரோஸெட் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை எனக்குப் பந்தயம் இருக்குப்பா," என்றாள் கிரீட்.

"இருக்கட்டும். நாலு மணிக்கெல்லாம் உன்னை இறக்கி விட்டுருவாங்க. அப்புறம் வந்து இயந்திரத்துக்குப் பின்னால நில்லு."

யோரிஸ் சிரிக்கப் பார்த்தான், தையல் இழுத்தது, நிறுத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஆக்கில் கேலியாகப் பேசவில்லை. நாலு ஹெக்டேர் கிடக்கிறது, நானும் ஒரு இயந்திரமும் என்ன செய்ய முடியும் என்றார். டிசம்பர் வரை முழு நாளும் அவள் வேண்டும், ஞாயிறும் வேண்டும். சைக்கிள் அடுத்த வருஷம் எங்கும் ஓடிவிடாது. அவர் சொன்னதில் அநியாயம் எதுவும் இல்லை என்பதுதான் கிரீட்டுக்குக் கஷ்டமாக இருந்தது. அவளும் நிதானமாகவே சொன்னாள். அக்டோபரில் டீம்கள் அடுத்த வருஷத்துக்கு ஆள் எடுத்து முடித்துவிடும். ஒரு பந்தயம்கூட முடிக்காத முப்பத்தொரு வயதுக்காரியை எந்த டீமும் எடுக்காது. டீம் இல்லாமல் அடுத்த வருஷம் நல்ல பந்தயம் எதற்கும் போக முடியாது. முப்பத்திரண்டில் புதிதாகத் தொடங்க இதில் இடமில்லை. இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

ரோஸெட் அடுப்பிலிருந்து தட்டை எடுத்தாள். பன்றி இறைச்சி சுற்றி, சீஸ் ஊற்றிச் சுட்ட விட்லோஃப். தட்டை மேசையில் வைத்துவிட்டு, "மிரெக்கக் கூப்பிட்டாத் தீந்துச்சு," என்றாள். இதை அவள் சொல்வது நாற்பதாவது தடவையாவது இருக்கும்.

ஆக்கில் தட்டிலிருந்து ஒரு குருத்தை எடுத்து இரண்டாக அறுத்தார்.

"சரி," என்றார் கடைசியில். "மூணு பேருக்குள்ள வந்து இவ பூச்செண்டோட வரட்டும். நானே மிரெக்குக்கு ஃபோன் போடுறேன். இல்லைன்னா சைக்கிளப் பரண்ல ஏத்திட்டு டிசம்பர் வரைக்கும் வேரோட கிடக்கட்டும். சம்மதமா?"

நாலு பந்தயத்தில் ஒன்றைக்கூட முடிக்காதவளுக்கு மூன்றாம் இடம். நடக்காது என்று தெரிந்துதான் அந்த மனுஷன் அவ்வளவு தாராளமாகக் கொடுத்தார். அது கிரீட்டுக்கும் தெரியும். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சம்மதம் என்றாள்.

ஞாயிறு மதியம் காற்று கூடாரத்துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கு வறுக்கிற வண்டியின் புகை நேராக மேலே போகாமல் தேவாலயச் சுவரில் போய் மோதியது. நாற்பத்து மூன்று பேர் கோட்டில் நின்றார்கள். கஃபேயில் நம்பர் வாங்கியபோதே, மீன் இன்று எத்தனை சுற்று நீந்தும் என்று ஆண்கள் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு சுற்று என்றவன்தான் கொஞ்சம் நல்லவன்.

மொத்தம் பதினோரு சுற்று. சுற்றுக்கு ஏழு கிலோமீட்டர். தேவாலயத்தில் தொடங்கி, ஒரு சந்துக்குள் நுழைந்து, நெட்டிலிங்க மரச்சாலை வழியாகப் போய் வயல்வெளிக்குத் திரும்ப வேண்டும். அங்கே இரண்டு கிலோமீட்டர் ஒரே நேர்சாலை. மரமில்லை, வேலியில்லை, இடது பக்கம் ஆக்கிலின் வேர் வயல், வலது பக்கம் பீட்ரூட். அன்றைக்கு இடப்பக்கத்திலிருந்து அடித்த காற்றில் தொப்பி போட்டவன் தலையில் தொப்பி நிற்கவில்லை.

யோரிஸ் இடுப்புப் பட்டையோடு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று கடைசியாக ஒன்று சொன்னான். "ஒளிஞ்சுக்கோ. எவ முதுகு அகலமோ அவ பின்னாடி ஒளிஞ்சுக்கோ. முன்னாடி மட்டும் போயிராத, உன்னக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

வெடி வெடித்தது. முதல் நாலு சுற்று கிரீட் அண்ணன் பேச்சைக் கேட்டாள். ஒரு அகன்ற முதுகைக் கண்டுபிடித்து, அம்மாவின் வேன் கதவு என்று நினைத்துக்கொண்டு அதிலேயே கண்ணை நட்டு வைத்தாள். முழங்கையில் முழங்கை உரசியது. சந்துத் திருப்பத்தில் நாற்பது பேரும் ஒரே வாசல் வழியாகப் புகுவது போல நெருக்கியடித்துப் போனார்கள். பிரேக்கைத் தொட்ட ஒருத்தியைப் பின்னாலிருந்து நாலு பேர் திட்டினார்கள். கிரீட்டுக்குப் பயமாக இருந்தது, அதைவிட அதிகமாக ஒரு குஷி ஏறியது. எட்டு வருஷம் தன்னந்தனியாக மணியையும் மூச்சையும் எண்ணிக்கொண்டு மிதித்தவள். இங்கே நாற்பது பேர் ஒரே மிருகமாக ஓடினார்கள், அந்த மிருகத்துக்குள் அவளும் இருந்தாள். கஃபே வாசலைத் தாண்டும்போது வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

ஐந்தாம் சுற்றில், வயல்வெளிக்குத் திரும்புகிற இடத்தில் கூட்டம் சோம்பியது. இடப்பக்கத்திலிருந்து அவ்வளவு காற்று. முன்னால் போக எவளுக்கும் மனமில்லை. ஒவ்வொருத்தியாக, இனி உன் முறை என்று முழங்கையை ஆட்டிவிட்டு விலகினார்கள். விலகி விலகிக் கடைசியில் முன்னால் நின்றது கிரீட்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. போகாதே என்று சொன்ன இடத்துக்கே வந்தாயிற்று. பின்னால் திரும்பி யாரிடமாவது கொடுக்கலாம் என்றால் அது எப்படிக் கொடுப்பது என்று தெரியாது. சரி, வந்த வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போவோம் என்று தலையைக் குனிந்தாள். கைப்பிடியைத் தாழப் பிடித்துச் சீராக மிதித்தாள். காற்றில் தனியாக மிதிப்பது அவளுக்குப் பழகிய வேலை. அதோடு எட்டு வருஷப் பழக்கத்தில் இன்னொன்றும் செய்தாள். அப்படியே வலது ஓரமாக ஒதுங்கினாள்.

டிரையத்லானில் அது சட்டம். வலது ஓரமாகத்தான் போக வேண்டும். நடுச்சாலையில் போனால் பின்னால் வருகிறவருக்கு வழி மறித்த குற்றம். ஒருதரம் அப்படி நடுவில் போனதற்காக அவளை ஐந்து நிமிஷம் தண்டனைக் கூடாரத்துக்குள் நிறுத்தி வைத்ததில், கைக்கு வந்த பதக்கம் போனது. அன்றிலிருந்து சாலையின் வலது ஓரத்தைத் தவிர வேறு இடத்தில் அவள் சக்கரம் போனதில்லை. முந்த நினைக்கிறவர்கள் தாராளமாக முந்தட்டும் என்று மொத்தச் சாலையையும் பின்னால் வந்தவர்களுக்கு விட்டுக் கொடுத்தாள்.

பின்னாலிருந்து கூச்சல் வந்தது. காற்றில் பாதி வார்த்தை பறந்துபோய் "டி" என்கிற வசவு மட்டும் வந்து விழுந்தது. மெதுவாகப் போகிறேன் என்று திட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கூச்சல் கூடியது. வெட்கமாக இருந்தது. மேலும் அழுத்தினாள். இடப்பக்க வயலில் அப்பாவின் இயந்திரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அதன் உச்சி இருக்கையில் அவர் உட்கார்ந்திருப்பதை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் கண் முன்னாலா இப்படித் திட்டு வாங்க வேண்டும் என்று இருந்தது.

ஊருக்குள் திரும்பும்போது கூச்சல் அடங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மற்ற முப்பது பேர் சாலை நெடுகச் சிந்திக் கிடந்தார்கள். எங்கேயாவது கூட்டமாக விழுந்துவிட்டார்களோ என்று அவள் பயந்தே போனாள்.

கஃபே வாசலில் நின்ற ஆண்கள் எல்லோரும் நாற்காலிமேல் ஏறியிருந்தார்கள். யோரிஸ் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து நின்றான்.

எட்டாம் சுற்றில் மறுபடி அதே இடத்தில் அவளை முன்னால் விட்டார்கள். விட்டார்கள் என்பதைவிட, யாருக்கும் தெம்பில்லை. அவளும் முன்போலவே ஒழுங்காக, மரியாதையாக, வலது ஓரமாகப் போனாள். ஊருக்குள் வரும்போது அவளையும் சேர்த்து ஐந்து பேர்தான் இருந்தார்கள். இவ்வளவு பேர் ஏன் கழன்று போகிறார்கள் என்று அவளுக்கு மட்டும்தான் புரியவில்லை.

பத்தாம் சுற்றில் டோரின் என்பவள் பக்கத்தில் வந்தாள். அந்த வருஷம் மட்டும் ஒன்பது பந்தயம் ஜெயித்தவள். இருபத்து நாலு வயது, முகமெல்லாம் உப்புக் கோடு.

"நீ எந்த டீம்டி?"

டீம் இல்லை என்றாள் கிரீட்.

"இதுக்கு முன்னாடி எங்க ஓட்டுன?"

"டிரையத்லான்."

டோரின் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பொய்யச் சொல்லாத," என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சமாதானமாகப் பேசினாள். "இங்க பாரு, கடைசிச் சுத்துல அதச் செய்யாத. ரோட்டுக்கு நடுவுல வா, இல்ல இடப்பக்கமா வா. வலப்பக்கம் இடம் விட்டாத்தான் நாங்க உனக்குப் பின்னால சாய்வா நின்னு காத்துக்கு மறைய முடியும். அஞ்சு பேரும் மாத்தி மாத்தி இழுக்கலாம். கோட்டுக்கிட்ட அவங்கவங்க சாமர்த்தியம்."

"எதச் செய்யாத?"

"நடிக்காதடி. ஓரத்துல போட்டு அரைக்கிறத."

கிரீட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. காற்று இடமிருந்து அடிக்கிறது. அவள் வலது விளிம்பில் போனால் அவளுக்கு வலப்பக்கம் புல்லும் பள்ளமும்தான். பின்னால் வருகிற ஒருத்தருக்கும் ஒளிய இடமில்லை. ஒவ்வொருத்தியும் மொத்தக் காற்றையும் தனியாக வாங்க வேண்டும். வழி விடுவதாக நினைத்துக்கொண்டு நாற்பது பேருக்கும் வழியை அடைத்திருக்கிறாள். சாலைப் பந்தயத்தில் இருப்பதிலேயே ஈவிரக்கமில்லாத வேலை அது. யோரிஸ் சொல்லிக் கேட்டிருக்கிறாள், பழம் தின்று கொட்டை போட்டவர்கள்தான் செய்வார்கள் என்று. முப்பத்தெட்டுப் பேரை அந்த மாதிரி அரைத்துவிட்டு அவள் பாட்டுக்கு வெட்கப்பட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அவளுக்குக் காது வரை சூடேறியது.

கடைசிச் சுற்று மணி அடித்தது. நெட்டிலிங்க மரங்களுக்கு நடுவே போகும்போது கிரீட் கணக்குப் போட்டாள். டோரின் சொன்னது நியாயம். ஐந்து பேரும் பங்கு போட்டு இழுத்தால் ஐந்து பேரும் கோட்டுக்கு வருவார்கள். கோட்டில் பாய்ச்சல். அவள் பாய்ச்சலைப் பால்வண்டி என்பான் யோரிஸ். ஐந்து பேரில் ஐந்தாவதாக வருவாள். பந்தயத்தை முடித்தவள் என்ற பெயர் கிடைக்கும். பூச்செண்டு கிடைக்காது. சைக்கிள் பரணுக்குப் போகும்.

வயல்வெளித் திருப்பத்தில் அவளே முன்னால் போனாள். இந்தத் தடவை யாரும் விடவில்லை, அவளாகப் போனாள். நடுச்சாலையில் கொஞ்ச தூரம் போனாள். நல்ல பிள்ளை என்பது போல டோரின் ஒரு சத்தம் கொடுத்தாள்.  தெரியாமல் செய்த பாவத்துக்குக் கணக்கில்லை. தெரிந்து செய்வது வேறு. எட்டு வருஷமாக ஒருத்தருக்கும் இடைஞ்சல் செய்யாமல் பந்தயம் ஓட்டியவள் கிரீட். கொட்டகையிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் சாய்ந்தாள். தார் முடிந்து புல் தொடங்குகிற விளிம்பில் சக்கரத்தை வைத்தாள். புல் ஷூவை உரசியது. அழுத்தினாள்.

இந்தத் தடவை வசவு முழுசாகக் காதில் விழுந்தது. அவள் பிறப்பு, வளர்ப்பு, டிரையத்லான் எல்லாவற்றையும் இழுத்தாள் டோரின். கிரீட்டுக்குக் குற்ற உணர்ச்சி இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு மேல் ஒரு ஆனந்தம் இருந்தது. தொடை எரிந்தது, கண்ணில் வியர்வை வழிந்தது, நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. இதைத்தான், இதைத்தான் இத்தனை நாள் தேடினேன் என்று இருந்தது. பின்னால் ஒரு சக்கரச் சத்தம் நின்றது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று நின்றது.

ஊருக்குள் மூன்று பேராக வந்தார்கள். டோரினும் இன்னொருத்தியும் கோட்டுக்கு இருநூறு மீட்டர் முன்னால் அவளைத் தாண்டிப் பாய்ந்தார்கள். பால்வண்டி பால்வண்டியாகவே மூன்றாவதாக வந்தது. மூன்றாம் இடத்துக்கு மஞ்சள் பூவில் சிறிய செண்டு ஒன்று கொடுத்தார்கள். 

கஃபேயில் இடமில்லை. மீன் என்றவர்கள் எல்லோரும் அவளுக்கு பீர் வாங்கித் தர முண்டினார்கள். ஒரு கிழவர் மேசையில் பீர் நுரையால் சாலை வரைந்து, ஆக்கில் மகள் காற்றை எப்படிப் படித்தாள் என்று மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது, வழி விட்டேன், அவ்வளவுதான் என்று அவள் சொன்னதற்கு, பார், என்ன அடக்கம் என்றார்கள். எட்டாம் சுற்றில் கழன்ற ஒரு பெண் அழுத முகத்தோடு வந்து, இப்படியா செய்வாய் என்று கேட்டாள். மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தாள் கிரீட். அதற்குள் அந்தப் பெண்ணே மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எனக்கும் கற்றுத் தருவாயா என்றாள். டோரின் தன் டீம் மேலாளரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து, "இவள எடுத்துக்கங்க, இல்லைன்னா அடுத்த வருஷம் பூரா எதிர்ல நின்னு உயிர வாங்குவா," என்றாள். மேலாளர் கிரீட்டின் ஃபோன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

உண்மையை யோரிஸ் ஒருவனிடம் மட்டும் முழுசாகச் சொன்னாள். கூடாரத்தில் ஐந்து நிமிஷம் நின்ற கதை வரை சொன்னாள். அவன் தையலைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தான். சிரித்து முடித்து வெறும் தரையைப் பார்த்தான். "பதினஞ்சு வருஷம் ஓட்டுனேன். இந்த ஊர் நாற்காலி மேல ஏறி எனக்காக ஒரு நாள் நின்னதில்ல," என்றான். பொறாமைதான். மறைக்கவில்லை அவன். பிறகு அவள் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தான்.

ஆறு மணிக்கு ஆக்கில் வந்தார். முழங்கால் வரை மண் பூட்ஸோடு அப்படியே உள்ளே நுழைந்தார். திருவிழாவில் வேலை செய்தவர் என்று யாரும் இன்றைக்குக் குத்திப் பேசவில்லை, வழி விட்டார்கள். ரோஸெட் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. மகளையும் பூச்செண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேல இருந்து பாத்தா எல்லாம் தெரியுது," என்றார். "முதல் ரெண்டு தரம் தெரியாமத்தான செஞ்ச?"

"ஆமாப்பா."

"கடைசில?"

கிரீட் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "தெரிஞ்சேதான் செஞ்சேன்," என்றாள்.

ஆக்கில் தலையை ஆட்டினார். நல்ல வேர் என்று கண்டால் அப்படித்தான் ஆட்டுவார். பிறகு ரோஸெட்டைப் பார்த்து, நாளைக் காலை ஆறு மணிக்கு மிரெக் வருகிறான், ரொட்டி கூட வாங்கி வை என்றார்.

ரோஸெட்டுக்கு நம்பிக்கை வரவில்லை. பந்தயம் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் எப்போது கூப்பிட்டீர்கள் என்று கேட்டாள்.

"அஞ்சாவது சுத்துல," என்றார் ஆக்கில்.

கிரீட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. செண்டைக் கீழே வைக்கவும் தெரியாமல், பிடித்துக்கொள்ளவும் தெரியாமல் நின்றாள். "இன்னும் ஆறு சுத்து மிச்சம் இருந்துச்சேப்பா," என்றாள்.

"இருந்துச்சு," என்றார் அவர். "மிரெக்குட்ட மன்னிப்புக் கேட்டு முடிக்கவே ரெண்டு சுத்து ஆயிருச்சு."